லாரி கிளீனருக்கு வைத்த பெயர்

இடது கையின் சுட்டுவிரல் ஒரு விசையின் மேலும் நடுவிரல் அடுத்த விசையின் மேலும் படிந்திருந்தன. அழுத்தவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. திரையில் பெரிய மீசை வைத்த ஒருவர் வாயைத் திறக்கப் போகிறார். உதடு பிரிந்ததும் சுட்டுவிரல் இறங்கியது. அவர் பேசி முடித்து மீசையைத் தடவியதும் நடுவிரல் இறங்கியது. அந்தப் பேச்சுக்கான தமிழ் வரி அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த வரி பிடிக்கவில்லை. வலது கை இரண்டு சொல்லை அழித்தது, படத்தைப் பின்னுக்கு இழுத்தது. மீசைக்காரர் மறுபடியும் வாயைத் திறக்கப் போனார்.

சிரிப்புப் படத்துக்கு சப்டைட்டில் போடுவது அழுகைப் படத்துக்குப் போடுவதைவிடக் கஷ்டம். அழுகை கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிரிப்பு அப்படி இல்லை. நடிகர் வாயால் சொல்லும் முன்பே கீழே எழுத்து சொல்லிவிட்டால், அவர் சொல்லும்போது சபை சிரித்து முடித்திருக்கும். அதனால் சிரிப்பு வரவேண்டிய சொல்லை இரண்டாவது வரியின் கடைசிக்குத் தள்ள வேண்டும். நடிகர் பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் வரியையும் அங்கேயே வெட்டி, மிச்சத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. கைதான் கற்றுக்கொள்கிறது.

படம் பழைய இந்திப் படம். ஒரு பேண்டு வாத்தியக் கூட்டம் ஓட்டை லாரியில் ஏறி, எங்கோ மலையடிவாரத்தில் நடக்கும் கல்யாணத்துக்குப் போகிறது. போகிற வழியெல்லாம் லாரி நிற்கிறது, வழி தவறுகிறது, ஆற்றுக்குள் இறங்குகிறது. வாத்தியக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். மணப்பெண்ணின் நகைப் பையை பேண்டு மாஸ்டர் பெரிய டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். கோட்டுப் போட்ட இரண்டு பேர் காரில் பின்தொடர்கிறார்கள். லாரியில் ஒரு கிளீனரும் உண்டு. ஒல்லியான ஆள், எப்போதும் டயரைத் தட்டிக்கொண்டிருப்பான். படம் தொடங்கியதும் யாருக்கும் பிடித்துப்போவது அவனைத்தான்.

அவன் முதல் தடவை பேசியபோது, விசை மேல் இருந்த விரல்கள் நின்றன. அவனுக்கு என்ன பெயர் போடுவது என்பதுதான் சிக்கலே.

விரல்களின் சொந்தக்காரி பிரமிளா, ஈப்போ புந்தோங்கில் ஓர் இணைப்பு வீட்டில் அப்பாவோடு இருப்பவள். ஐம்பதைத் தொட்டவள். தொலைக்காட்சிக்காரர்கள் அனுப்பும் இந்திப் படங்களுக்கு வீட்டிலிருந்தபடியே மலாயிலும் தமிழிலும் எழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். இளவயதில் ஈப்போவின் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். கடை முதலாளியம்மாள் பஞ்சாபிக்காரர். பஞ்சாபிக்காரர்களை வங்காளி என்கிற ஊர் வழக்கப்படி எல்லாரும் அவரை வங்காளி ஆண்ட்டி என்றார்கள். கடையில் நாள் முழுதும் இந்திப் படம் ஓடும். கீழே ஓடும் எழுத்தில் சிரிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ஆண்ட்டி விழுந்து விழுந்து சிரிப்பார். பிரமிளாவுக்கு அது உறுத்தியது. அவன் உண்மையில் என்ன சொன்னான் என்று கேட்பாள். ஆண்ட்டி சொல்வார். கீழே எழுதியிருந்தது வேறாக இருக்கும். இப்படிச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே அவள் இந்தி கற்றாள். இன்றைக்கும் ஒரு வாக்கியத்தை ஒரே தடவை கேட்டு அவள் நம்புவதில்லை. மனிதர்களையும் அப்படித்தான்.

அந்தக் குணம் வீட்டிலிருந்து வந்தது. அவளுடைய அப்பாவின் பெயர் பத்துமலை. பேரங்காடிக்குள் நுழையும்போதே, காவலாளி கேட்காமலே பையைத் திறந்து காட்டுவார். யாராவது வீட்டுக்கு வந்து புறப்பட்டால் வாசலிலேயே நிறுத்தி, கண்ணாடி இருக்கிறதா, சாவி இருக்கிறதா, போன் இருக்கிறதா என்று கேட்டுத்தான் விடுவார். ரப்பர் எஸ்டேட்டை விட்டு ஈப்போ வந்த புதிதில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். வேண்டாம் என்று விட்டு, கச்சாங் பூத்தே என்கிற கடலை வறுக்கிற கொட்டகையில் அடுப்படியில் நின்றார். காவலுக்கு நின்ற இடத்தில் ஏதாவது காணாமல் போனால் முதலில் யாரைக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதெல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. இப்போது அவளுடைய மேசையில் ஓடுகிற அதே சினிமா.

வேலையைக் கொண்டுவந்தவர் மயில்வாகனம். நில அளவை இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிரமிளாவின் அப்பா வேலை பார்த்த அதே பீடோர் பக்கத்து எஸ்டேட்டில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவரின் மகன். எஸ்டேட் இப்போது இல்லை. பாதி செம்பனைத் தோட்டம், பாதி தாமான் வீடுகள். அங்கே பிறந்தவர்கள் சிலிம் ரிவர், சித்தியவான், கோலாலம்பூர் என்று சிதறிப்போய் வாட்ஸ்அப்பில் கூடியிருக்கிறார்கள். பீடோர் மண்டபத்தில் ஒன்றுகூடல் வைத்து, அன்றைக்கு எஸ்டேட் திடலில், பாடாங்கில், பார்த்த அந்தப் படத்தையே மறுபடி போட்டுப் பார்ப்பது என்று முடிவு. தமிழ் எழுத்து வேண்டும், அதிலும் பெயர்கள் தன் அப்பா சொன்னபடியே வரவேண்டும் என்றார் மயில்வாகனம்.

அப்பா சொன்னபடி என்றால் இதுதான். பாடாங்கில் படம் போடும் இரவுகளில், இந்திப் படமானால், பெரிய கிராணி மைக்கைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். இந்திப் பெயர்கள் சனத்துக்கு வாயில் நுழையாது. அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எஸ்டேட்டில் உள்ள ஒருவரின் பெயரை வைத்துவிடுவார். இந்தப் படத்தில் தொந்தி பேண்டு மாஸ்டர் மாயாண்டி கங்காணி ஆனார். லாரி கிளீனர் பத்துமலை ஆனான்.

படத்தில் ஓரிடத்தில் கிளீனர் டிரம்முக்குள் கையை விட்டு நகைப் பையை எடுத்துக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் ஓடுகிறான். மைக்கில் கிராணி, பத்துமலை பையைத் திருடிக்கொண்டு ஓடுகிறான் என்றார். பாடாங்கே சிரித்தது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாருக்காவது வெட்டுக்கத்தி காணவில்லை என்றால் பத்துமலையைக் கேள் என்பார்கள். முதலில் விளையாட்டாகத்தான். பிறகு ஒருநாள் ஸ்டோரில் ஒட்டுப்பால் மூட்டைகள் குறைந்தன. மரத்தில் காய்ந்து ஒட்டிய பாலைச் சேர்த்துக் கட்டிய மூட்டைகள் அவை, வெளியில் விற்றால் காசு. கிராணி ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேராகப் பத்துமலை வீட்டுக்குத்தான் வந்தார். சட்டி பானையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இல்லை என்று ஆனது யார் நினைவிலும் தங்கவில்லை, தேடினார்கள் என்பது மட்டும் தங்கியது. பிரமிளா பிறந்து நடக்கத் தொடங்கும் முன்பே குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. அந்தப் படத்தை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

மயில்வாகனம் பெயர்களைச் சொன்ன அன்றே மறுத்திருக்கலாம். மறுத்தால் வேறு யாராவது போடுவார்கள். அப்பாவின் பெயர் திருடனுக்குப் போய், மண்டபம் நிறைந்த சனத்தின் முன் மறுபடி ஓடும். இந்த முறை ஊர் கேட்கிற சொல்லாக இல்லாமல், எழுத்தாகவே ஓடும். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஒருவர் சிரித்துக்கொண்டே குரல் அனுப்பியிருந்தார், பத்துமலை மாமா பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கவே வருகிறேன் என்று. கேட்டுவிட்டு பிரமிளா வேலையை ஒப்புக்கொண்டாள்.

ஒப்புக்கொண்டாளே தவிர, அந்த மனிதரை நம்பவில்லை. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் எழுத்துப் போடுபவர்கள் எத்தனையோ பேர். இவர் ஏன் தேடிப் பிடித்து இங்கே வந்தார்? பேச்சில் அவ்வளவு மரியாதை எதற்கு? அவர் அப்பா சொன்ன கதையை நினைவிலிருந்து காட்சி காட்சியாகப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். குரலில் அப்பாவின் ஏற்ற இறக்கத்தையே கொண்டுவந்தார். திருட்டுக் காட்சிக்கு மட்டும் குரல் சற்றுத் தாழ்ந்தது. வெட்கமா, ரசனையா? அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிடிபடவில்லை.

வேலை அந்த டிரம் காட்சிக்கு வந்தது. கிளீனர் கையை விடுகிறான். பையை எடுக்கிறான். ஓடுவதற்கு முன் லாரியடியில் தூங்குகிற நாயிடம் குனிந்து இந்தியில் ஏதோ முணுமுணுக்கிறான். மெல்லிய குரல். ஒரு தடவை கேட்டாள். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள். காதுப்பொறியை மாற்றிக்கொண்டும் கேட்டாள். “இது இங்கே இருந்தால் விடியும்போது இருக்காது. நான் பெண்வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன், நீ லாரியைப் பார்த்துக்கொள்” என்கிறான். அதற்கடுத்த காட்சியில் கரும்புக் காட்டைத் தாண்டி ஒரு மரத்தடியில் பெண்ணின் தகப்பனாரிடம் பையைக் கொடுக்கிறான். தகப்பனார் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

பிரமிளா விசையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அப்படியானால் கிராணி பொய் சொன்னாரா? மரத்தடிக் காட்சியைப் பார்த்த பிறகும் எப்படித் திருடன் என்றார்? மயில்வாகனம் அனுப்பிய குரல்களைத் தேடி எடுத்தாள். மரத்தடிக் காட்சி அதில் இருந்தது, ஆனால் டிரம் காட்சிக்கு முன்னால். பத்துமலை போன கல்யாணத்தில் திருடிய நகையை மரத்தடிக் கிழவனிடம் விற்கிறான் என்று கிராணி சொன்னாராம். அதற்குப் பிறகுதான் டிரம்மும் ஓட்டமும். ஒரு திருட்டு போதாதென்று இரண்டு திருட்டு. அவளுக்கு வேண்டுமென்றே மாற்றிச் சொன்ன கதை என்று தோன்றியது.

அன்று சாப்பாட்டு மேசையில், பல வருடம் அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சை அவள் எடுத்தாள். கிராணிக்கு அப்பா மேல் என்ன கோபம் என்று கேட்டாள். பத்துமலை சோற்றைப் பிசைந்தார். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். பிறகு, அவள் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். கிளீனர் முதலில் திரையில் வந்து டயரைத் தட்டியதும், இவனுக்கு யார் பெயர் வைக்கலாம் என்று கிராணி மைக்கிலேயே சனத்தைக் கேட்டாராம். பெண்கள் பக்கத்திலிருந்து பத்துமலை பத்துமலை என்று குரல் வந்ததாம். எல்லாரும் கை தட்டினார்களாம்.

“நல்லவன்னு நெனச்சுதாம்மா வச்சாங்க. அப்பறந்தான் கத அப்படி போயிருச்சு.”

“கத அப்படி போகலப்பா. அவரு மாத்திச் சொன்னாரு.”

“அவருக்கு என்னா தெரியும்? இந்தியில ஒரு சொல்லு தெரியாது அவருக்கு. நம்ம கூடவே பாத்து, பாக்கப் பாக்கச் சொல்றாரு.”

அவள் மேலும் கேட்கக் கேட்க விவரம் வந்தது. ஒரே படப்பெட்டியை இரண்டு எஸ்டேட்டுக்குப் போடுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீலை மோட்டார் சைக்கிளில் இங்கே கொண்டுவருவார்கள். அன்றைக்கு நல்ல மழை, செம்மண் பாதை. மோட்டார் சைக்கிள் சேற்றில் விழுந்து, ஆளே உருண்டு வந்தான். அவன் பையில் இருந்த ரீல்களில் எது முன், எது பின் என்று படக்காரனுக்கே குழப்பம். சனம் கூச்சல் போட்டதும் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டான்.

பிரமிளாவுக்கு எல்லாம் பொருந்தியது. பையைக் கொடுக்கிற ரீல் முதலில் ஓடிவிட்டது, எடுக்கிற ரீல் பிறகு ஓடியது. மொழி தெரியாத மனிதர் மைக்கோடு நின்று, கண்ணுக்கு முன் வந்த வரிசைக்கு ஒரு கதை கட்டியிருக்கிறார். பொருந்தியது என்றாலும் அவள் முழுசாக விட்டுவிடவில்லை. ரீல் மாறியதற்கு மழை காரணம். பானையைக் கவிழ்த்ததற்கு யார் காரணம்? அதைக் கேட்டபோது அப்பா எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து, “அவரு சொன்ன கதைய அவரே நம்பிட்டாரு போல” என்றார்.

மறுநாள் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினாள், ஒழுங்கான வரிசையில். எழுத்துகள் எல்லாம் இருந்தன, கிளீனர் பெயர் மட்டும் இன்னும் வெறுமையாக இருந்தது. பத்துமலை முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, வங்கியில் உட்கார்ந்திருப்பவர் போலப் பார்த்தார். லாரி ஆற்றுக்குள் இறங்கியபோது மட்டும் மூக்கால் சிரித்தார். டிரம்முக்குள் கை போனதும் கண்ணைத் தாழ்த்தினார். நாயிடம் பேசுகிற வரி கீழே வந்தபோது பிரமிளா அவர் தோளைத் தொட்டாள். அவர் நிமிர்ந்து படித்தார். மரத்தடியையும் பார்த்தார். கண்ணீர் எதுவும் வரவில்லை.

“ஏன் ராத்திரியில போறான் இவன்? மாஸ்டர எழுப்பிச் சொல்லிட்டுப் போலாம்ல? யாரு பாத்தாலும் திருடன்னுதான் சொல்லுவாங்க.”

“அப்பா, படம் அது.”

“படமா இருந்தா என்னா? சொல்லிட்டுப் போகணும்லா.”

பெயரை என்ன செய்வது என்று கேட்டாள். இந்திப் பெயரையே போட்டுவிடலாம், சனம் ஏமாந்து போகும், ஆனால் வம்பு இல்லை என்றாள். அவர் யோசித்தார். வெளியே போய்ச் செருப்பைத் தட்டிப் போட்டுவிட்டு வந்தார். “எம் பேரையே போடு. அந்த மரத்தடியில கொஞ்சம் பெருசாப் போடு” என்றார். எழுத்தை ஓரிடத்தில் மட்டும் பெரிதாக்கக் கூடாது, அது தொழிலுக்குப் பொருந்தாது என்று அவள் விளக்கினாள். சரி என்றார், முகம் மட்டும் சரியாகவில்லை. அதனால் அவள் வேறொன்று செய்தாள். பெண்ணின் தகப்பனார், நீ நல்லா இருக்கணும் பத்துமலை என்று சொல்கிற வரியை, அவர் பேசி முடித்த பிறகும் திரையில் நிற்க விட்டாள். நடுவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படிக்கிற வயசாளிகளும் படித்து முடிக்கிற வரை காத்திருந்து இறக்கினாள். அவளுடைய கணக்கில் அது பிழைதான். திருத்தவில்லை.

மயில்வாகனம் வேலையை வாங்கிக்கொள்ள வீட்டுக்கே வருகிறேன் என்றார். அவள் புந்தோங் பசார்ச் சந்தைக்குப் பக்கத்து ஒட்டுத் தேநீர்க்கடைக்கு வரச் சொன்னாள். அப்பாவுக்கு முன்னால் இந்த ஆளை உட்கார வைத்துப் பார்க்க அவள் தயாராக இல்லை. அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, தே தாரேக் வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார். அவள் மடிக்கணினியைத் திறக்கும் முன் ஒன்றைக் கேட்டாள்.

“நான் யாரு பொண்ணுன்னு தெரிஞ்சுதானே சார் எங்கிட்ட வந்தீங்க?”

“தெரியும் பிள்ளை. தொலைக்காட்சிக்காரர் உங்கட முழுப் பேரைத் தந்தவை. தகப்பன் பேரும் இருந்தது.”

“தெரிஞ்சும் ஏன் சார்?”

“வேற ஆரிட்டயும் குடுத்து, படம் ஓடேக்க உங்கட அப்பா எழும்பிப் போனா, சனம் என்னைத்தான் பேசும்.”

பாதிக் காரணம் என்று அவளுக்குப் பட்டது. மீதிப் பாதி அவர் முகத்தில் இருந்தது, படிக்க முடியவில்லை. படத்தை முழுக்கப் பார்த்தீர்களா என்று கேட்டாள். திறந்தே பார்க்கவில்லை என்றார். ஒன்றுகூடலில் எல்லாரோடும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறாராம். அதை அவள் நம்பவில்லை. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, டிரம் காட்சியிலிருந்து ஓடவிட்டாள்.

அவர் காதுப்பொறியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நாயிடம் பேசுகிற வரியில் கழுத்து நீண்டது. மரத்தடி வந்தது. தகப்பனாரின் வரி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அவர் காதுப்பொறியைக் கழற்றி மேசையில் வைத்து அதன் வயரை நேராக்கினார். பிரமிளா ரீலைப் பற்றியும் மழையைப் பற்றியும் சொன்னாள். கை தட்டியதைச் சொன்னாள். பானையைக் கவிழ்த்ததை அவள் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியாமல் இருக்காது என்று நினைத்தாள்.

“அப்ப எங்கட அப்பா பிழையாச் சொல்லிப்போட்டார் எண்டுதான் சனம் கதைக்கும்” என்றார்.

“ரீலு மாறி வந்துச்சுன்னு மேடையில நீங்க சொல்லுங்க. சொன்னா யாரும் பேச மாட்டாங்க.”

“அதையும் எழுத்தில போடேலாதோ? தொடக்கத்தில ஒரு வரி?”

“படத்துல யாரும் அத பேசல சார். பேசாதத நான் போட மாட்டேன்.”

அவர் தேநீரைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. அவர் மேடையில் சொல்வாரா மாட்டாரா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் கண் கணினியின் ஓரத்தில் செருகியிருந்த பென்டிரைவுக்குப் போனது. பெயர்கள் அப்பா சொன்னபடி இருக்கின்றன, அது போதும் என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்பவர் போல, எழுத்து மட்டும் தனிக் கோப்பாக இருக்கும்தானே, அதையும் தந்தால் நல்லது, எங்காவது ஒரு சொல் மாற்ற வேண்டியிருந்தால் உதவும் என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் நேற்று முழுவதும் செலவழித்திருந்தாள். எழுத்தைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் யாரும் திறந்து எதையும் மாற்றலாம். மரத்தடியில் ஒரு சொல் போனாலே போதும். அதனால் எழுத்தைப் படத்தோடு படமாகப் பதித்து, ஒவ்வொரு காட்சியிலும் அழிக்க முடியாதபடி சேர்த்திருந்தாள்.

“தனியா இல்ல சார். படத்தோட சேத்துப் பதிச்சாச்சு. இனி பிரிக்க முடியாது.”

மயில்வாகனம் அவளைப் பார்த்தார். “என்னில அவ்வளவு சந்தேகமோ?”

“ஆமா சார்.”

அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன் என்றார். சற்றுப் பொறுத்து, பத்துமலையை முன் வரிசையில் உட்கார வைக்கப் போவதாகவும், வருவாரா என்று கேட்டுச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார்.

“வருவாரு. எந்த வரிசைன்னு அவரே பாத்துக்குவாரு.”

பிரமிளா பென்டிரைவைக் கணினியிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தாள். மூடியைப் போட்டு அழுத்தி, சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மயில்வாகனம் மேசைக்கு மேலே இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அவள் அதை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.